பெரட்டுக்குத் தவறாத அப்பாவும் அறிக்கையைத் தொடங்க முடியாத மகனும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். வயது 27. ஊருக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன்பு ஈப்போவில் மனநல மருத்துவர் ஒருவர் அவருக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, இருப்பதாக உறுதிசெய்து மருந்தும் கொடுத்திருக்கிறார். "மாத்திரை சாப்பிட்டும் ஏன் இன்னும் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறேன்? ஆலையின் மாதாந்தர அறிக்கையை ஒவ்வொரு மாதமும் கடைசி இரவில்தான் முடிக்கிறேன். வீட்டில் பிரிக்காத கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. அப்பா முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தியதில்லை என்று அம்மா சொல்லும்போது எனக்குப் பதில் இல்லை. இது நோயா, சோம்பலா?" என்பது கேள்வியின் சுருக்கம். அப்பா ரப்பர் தோட்டத் தொழிலாளி; பெரட்டு என்பது தோட்டத்தில் விடியலில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் கூட்டம். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பா தம் சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதிக் கொடுக்காமலே போய்விட்டதால் அம்மா அலைந்த கதையையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, பதிலுக்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகனைப் பரிசோதித்த மருத்துவர் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தபோது, மகனுக்காக விடை சொல்ல வந்த நான் மனத்துக்குள் எனக்கே விடை எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு, 44ஆம் வயதில், எனக்கும் அதே பெயரைச் சொன்னார்கள். அதுவரை ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கால அட்டவணை போட்டுக் கொடுத்த நான், வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தைக் கட்டாமல் விட்டு இணைப்புத் துண்டிக்கப்பட்டவள். ஆகவே இங்கே சொல்வதில் பாதி படித்தது, பாதி பட்டது.

சோம்பல் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று நான்கு பண்புகளை எண்ணுகிறார்: நெடுநீர், மறவி, மடி, துயில். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டிக்கும் இயல்பு நெடுநீர், சோம்பல் மடி. இரண்டும் ஒன்றென அவர் நினைத்திருந்தால் ஒரே அடியில் இரண்டு சொற்களைச் செலவிட்டிருக்க மாட்டார். நான்கையும் அவர் கண்டிக்கவே செய்கிறார் என்பதை மறைக்கவில்லை. குறளைக் காட்டி உங்களுக்கு விடுதலைப் பத்திரம் வாங்கித் தர நான் வரவில்லை. ஆனால் நீட்டித்தலும் மறதியும் சோம்பலும் தனித்தனியே நிற்பவை என்ற கணக்கு நம் வீடுகளில் தொலைந்துபோயிற்று, அதை மீட்டெடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சோம்பியிருப்பவர் ஓய்வை அனுபவிக்கிறார். நீங்கள் அப்படி அனுபவித்ததுண்டா? அறிக்கை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்திய நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கணினி முன் உட்காருகிறீர்கள். கோப்பைத் திறக்கவில்லை. தேநீர் குடிக்க எழுந்து போகவும் மனம் வரவில்லை, ஏனென்றால் வேலை கிடக்கிறது. கைப்பேசியில் யாரோ ஒருவர் மீன் வெட்டுவதை நாற்பது நிமிடம் பார்க்கிறீர்கள், அதிலும் இன்பமில்லை. ஐந்து மணிக்குக் களைத்துப்போகிறீர்கள், ஒரு வரிகூட எழுதாமலே. உடலுக்கு ஓய்வும் இல்லை, வேலைக்கு முன்னேற்றமும் இல்லை. இதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது, வண்டி நகரவில்லை என்பதற்காக எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதைப் போன்றது. எண்ணெய் இருக்கிறது, கியர் விழவில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போடுகிற எல்லாருக்கும் ஏடிஎச்டி இருப்பதாகப் பொருளில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன; 17 வயதோ அதற்கு மேலோ ஆனவரிடம் கவனக்குறைவு வகையிலோ மிகைச்செயல்பாட்டு வகையிலோ குறைந்தது ஐந்து அறிகுறிகள் காணப்பட வேண்டும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலையிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். நெடுநேர மன உழைப்பு கேட்கும் வேலையைத் தவிர்ப்பது அந்த ஒன்பதில் ஒன்று. தள்ளிப்போடுதல் என்று தனியே ஓர் அறிகுறி இல்லை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கோளாறு, தைராய்டுக் குறைபாடு ஆகியவையும் இதே முகமூடியை அணிந்து வரும். உங்களை மருத்துவர் முறையாகப் பார்த்துச் சொல்லியிருப்பதால் உங்கள் விஷயத்தில் இந்த ஐயம் தேவையில்லை. இதைப் படித்துத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்ள நினைக்கும் மற்றவர்களுக்காகவே இவ்வளவும் சொன்னேன்.

இனி ஏன் கியர் விழுவதில்லை என்பது. இந்தக் கோளாற்றை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். ஏடிஎச்டி உள்ளவரிடம் அறிவு குறைவதில்லை. அறிந்ததைச் செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நேரத்தில் செயலாக்கும் ஆற்றலே தடுமாறுகிறது என்பது அதன் சாரம். உந்துதலை அடக்குவது, மனத்தில் ஒரு திட்டத்தை ஏந்திக்கொண்டிருப்பது, காலத்தை உணர்வது, தன்னைத் தானே முடுக்கிக்கொள்வது என்று மூளை செய்யும் மேலாண்மை வேலைகள் அவர்களிடம் ஏறியும் இறங்கியும் நடக்கின்றன. ஆகவே அறிக்கையை எப்படி எழுதுவது என்று உங்களுக்கு மீண்டும் பயிற்சி கொடுப்பதில் பயனில்லை. ஆலையில் அந்தக் கணக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லாமலேகூட இருக்கலாம்.

காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்பது தூரத்தில் தெரியும் ஒரு மரம்; நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வரும். நமக்கோ காலம் இரண்டே பாகம்: இப்போது, இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டாவது பாகத்தில் கிடக்கும் வரை அதற்கு உருவமே இல்லை. வியாழன் இரவு அது திடீரென்று கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. அதோடு, தொலைவில் கிடைக்கப்போகும் பலனுக்காக இப்போது சலிப்பைத் தாங்குவது நம் மூளைக்குக் கூடுதல் விலையுள்ள காரியம். மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மருந்து எடுக்காத ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் 53 பேரின் மூளையையும் கோளாறு இல்லாத 44 பேரின் மூளையையும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். பலனை எதிர்நோக்கி உழைக்க வைக்கும் பாதையில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளோடு தொடர்புடைய ஏற்பிகளும் கடத்திகளும் முதல் குழுவினரிடம் சராசரியாகக் குறைவாகத் தென்பட்டன. இந்த ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் டோபமின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் "மனசு வைத்தால் முடியும்" என்று சொல்கிறவர்களிடம், மனசு வைக்கும் இடத்திலேயே அல்லவா வேறுபாடு இருக்கிறது என்று திருப்பிக் கேட்க அது போதும்.

கடைசி இரவில் மட்டும் எப்படி முடிகிறது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கெடு நெருங்கியதும் அச்சம் வந்து எஞ்சினை முடுக்குகிறது. வெள்ளிக்கிழமை "இப்போது" ஆகிவிடுகிறது. அதைக் கண்டு, நெருக்கடியில்தான் நான் நன்றாக வேலை செய்வேன் என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான். அச்சத்தை எரிபொருளாக வைத்து ஓட்டும் வண்டியில் தூக்கமும் இரத்த அழுத்தமும் வீட்டாரின் பொறுமையும் சேர்ந்தே எரிகின்றன.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருவோம், ஏனென்றால் அம்மாவுக்கான பதிலும் உங்களுக்கான வழியும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். பால்மரக் காலத்துத் தோட்டத்தில் ஒருவருடைய நாள் எப்படித் தொடங்கியது? இருட்டு கலையும் முன்பே மணி அடிக்கும். லயத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் வரிசையாக எல்லா வீட்டிலும் எரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம் கேட்கும். பெரட்டுக்களத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி பெயரைக் கூப்பிடுவார், நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். இன்று எந்த நிரை, அதாவது எந்த மரவரிசை, என்று மேற்பார்வையாளரான தண்டல் சொல்லிவிடுவார். எதை முதலில் செய்வது என்று யோசிக்கிற வேலையே இல்லை. மரத்துக்கும் ஒரு கெடு உண்டு. குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் நிற்கும் பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால் கட்டியாகிவிடும். ஒரு மரம் முடிந்தால் அடுத்த மரம் நாலெட்டில் நிற்கும். நண்பகலுக்குள் ஸ்டோரில் பாலை நிறுப்பார்கள். அன்று உழைத்தது எத்தனை கிலோ என்று அன்றே கண்ணுக்குத் தெரியும்.

இதில் மேலாண்மை வேலையில் பெரும்பகுதியை மணியும் தண்டலும் மரமும் தராசும் பக்கத்து வீட்டு அடுப்பும் செய்துவிட்டன. தொடங்கும் நேரம் வெளியிலிருந்து வந்தது. முதல் அடி எது என்பது வெளியிலிருந்து வந்தது. கூட இருந்தவர்கள் நடந்தார்கள், காலும் நடந்தது. பலன் அன்றே கிடைத்தது. உங்கள் அப்பாவின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வாழ்க்கையைப் புகழவும் இல்லை. பிந்தி வந்தவருக்கு விழுந்த வசவையும் போன கூலியையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அதே அப்பா, மணியும் தண்டலும் இல்லாத ஒரே ஒரு தாளை, சேமநிதியின் வாரிசுப் படிவத்தை, கடைசி வரை நிரப்பவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கெடு இல்லாத வேலை, கேட்க ஆளில்லாத வேலை, இன்று செய்தால் இன்று பலன் இல்லாத வேலை. இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது என் வேலை அன்று, படிவம் நிரப்பாதவர்கள் இந்நாட்டில் ஏராளம். எனினும் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஏடிஎச்டியின் மரபுவழிப் பங்கு 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் இந்த இடத்தில் வைத்துவிட்டு நகர்கிறேன்.

உங்களுக்கு வாய்த்திருப்பது குளிரூட்டிய அறையும் நாற்காலியும் 'மாத இறுதிக்குள்' என்ற ஒற்றை வரியும். அப்பாவுக்குத் தோட்டம் செய்து கொடுத்த அத்தனை ஏற்பாட்டையும் நீங்கள் தலைக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். உங்கள் தலையில் தடுமாறுவதும் அதே வேலைதான். ஆகவே மனவுறுதியைக் கூட்டுவதை விட்டுவிட்டு, ஏற்பாடுகளை மீண்டும் வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றுதான்.

மாத்திரை இதில் எங்கே வருகிறது? மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து மூளையில் டோபமினும் நோரெபிநெஃப்ரின் என்ற மற்றொரு வேதிப்பொருளும் கூடுதல் நேரம் நிற்கச் செய்கிறது; சாதாரண வகை ஏறக்குறைய நான்கு மணி நேரமும், மெல்லக் கரையும் வகைகளில் சில 12 மணி நேரம் வரையும் வேலை செய்யும். அட்டோமொக்சிடின் என்ற மருந்து வேறு வகை. அதன் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். பலருக்கு மருந்து பெரும் உதவி, எனக்கும் உதவியது. ஆனால் மாத்திரை கியரை இலகுவாக்குமே தவிர வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லாது. அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் உங்கள் கையில் கைப்பேசி இருந்தால், மீன் வெட்டும் காணொலியை முன்னைவிடக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பீர்கள். ஆகவே எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள், மருந்து ஏறும்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவு. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்து. தேர்வு நேரத்தில் தங்கைக்கு ஒன்று கொடுப்போம் என்ற எண்ணம் கனவிலும் வேண்டாம்.

இனி வெளியே வைக்க வேண்டிய ஏற்பாடுகள். முதலில் பெரட்டு. காலையில் உங்கள் மேசைக்குப் போகும் முன் எடைமேடைச் சன்னலுக்குப் போங்கள். லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுக்கும் நண்பர் அங்கே இருப்பார். அவரிடம் வாய்விட்டு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "பத்து மணிக்குள் நேற்றைய குலை வரவை ஏற்றிவிடுவேன்." மூன்று வேலை சொல்லக்கூடாது, ஒன்றுதான். பத்து மணிக்குத் திரும்பிப் போய் முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும், முடியாவிட்டாலும் போக வேண்டும். நண்பர் உங்களைக் கண்டிக்க வேண்டியதில்லை. "சரி" என்றால் போதும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரல் பதிவு அனுப்புவது இரண்டாந்தரம்தான். நேரில் நின்று பெயருக்குப் பதில் சொல்வதில் உள்ள பிடி அதில் இல்லை, அதோடு கைப்பேசியைத் திறந்தவர் அதற்குள்ளேயே காணாமற்போகும் ஆபத்தும் உண்டு.

அடுத்து நிரை. "அறிக்கை எழுத வேண்டும்" என்பது வேலையே அன்று, அது ஒரு காடு. வெட்டுகிறவர் காட்டை வெட்டப் போவதில்லை, முதல் மரத்துக்குப் போகிறார். கைகால் அசைந்து செய்யக்கூடிய மிகச் சிறிய செயலாக முதல் அடியை எழுதி வையுங்கள்: எடைச்சீட்டுக் கட்டை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பது, கோப்பைத் திறந்து தேதியைத் தட்டுவது. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம் தடை வேலையின் நடுவில் இருப்பதைவிட வாசற்படியில்தான் கூடுதலாக இருக்கிறது, படியைத் தாழ்த்தினால் கால் தானே உள்ளே போகும். மாலையில் அலுவலகத்தை விட்டுப் புறப்படும் முன் மறுநாளின் முதல் மரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி விசைப்பலகைமேல் வைத்துவிட்டு வாருங்கள். காலையில் யோசிக்க வேண்டியிருந்தால் தோற்றோம்.

இதோடு சேர்ந்தது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விளக்கிய ஒரு முறை. "அறிக்கையை நேரத்தோடு முடிப்பேன்" என்ற உறுதிமொழிக்குப் பதிலாக, "தேநீர்க் குவளையை மேசையில் வைத்ததும் கோப்பைத் திறப்பேன்" என்று ஒரு நிகழ்வையும் ஒரு செயலையும் முடிச்சுப் போடுவது. அப்போது நினைவுபடுத்தும் வேலையைக் குவளை எடுத்துக்கொள்கிறது. 2008இல் அவரும் காத்தரீனா காவ்ரிலோவும் ஏடிஎச்டி உள்ள சிறுவர்களிடம் இதைச் சோதித்தபோது, உந்துதலை அடக்கும் பணியில் இத்தகைய முடிச்சு அவர்களுக்கு உதவியது. சோதனைக்கூடத்தில் நடந்ததையும் ஆலை அலுவலகத்தையும் ஒன்றாக்க மாட்டேன், எனினும் காசு செலவில்லாத முறை, செய்து பார்ப்பதில் இழப்பு இல்லை.

பிறகு தராசு. அறுத்த செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் ஏற்றிவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறித் தரம் கெடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கணக்கும் அந்தக் குலையைப் போன்றதுதான். மாதம் முழுவதும் குவிந்த குலை வரவு, எண்ணெய், பருப்பு எண்ணிக்கைகளை ஒரே இரவில் வேகவைக்கிறீர்கள். மேலாளரிடம் போய், வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அந்த வாரக் கணக்கை அனுப்புகிறேன், வராவிட்டால் என்னை அழைத்துக் கேளுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். நோயின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. இப்படிக் கேட்கும் ஊழியரை வேண்டாம் என்று சொல்லும் மேலாளரை நான் கண்டதில்லை. கெடு நெருக்கமாகவும், கேட்பவர் உயிருள்ள மனிதராகவும் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நான்காவது, பக்கத்து வீட்டு அடுப்புச் சத்தம். இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஏப்ரல் மாதக் கடைசியில். வருமான வரிப் படிவத்துக்குக் கெடு 30ஆம் தேதி. மூன்று வாரமாக நாள்தோறும் கணினியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா எதற்கோ வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு தட்டு நெத்திலியோடு திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய நாளிதழை விரித்து, தலையைக் கிள்ளி ஒரு பக்கமும் உடலை ஒரு பக்கமும் போடத் தொடங்கினார். வரி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. என் திரையை எட்டிப் பார்க்கவும் இல்லை. நடுவில் ஒரே ஒரு முறை, தலை நிமிராமல், "என்ன டீச்சர், தட்டுற சத்தத்தக் காணோம்?" என்றார். நாற்பது நிமிடத்தில் படிவம் போய்ச் சேர்ந்தது. நெத்திலி அவருக்கு இன்னும் பாதி இருந்தது. அருகில் ஒருவர் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தால் நம் வேலை ஓடுவதை ஏடிஎச்டி உள்ளவர்கள் பலரும் சொல்கிறார்கள். இதற்கு முறையான ஆய்வுச் சான்று இன்னும் மெலிந்ததாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அக்கா இல்லாத ஏப்ரலை நான் இனி நம்பத் தயாராக இல்லை.

காலத்தைக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். கைப்பேசியிலுள்ள எண்களைவிட, முள் நகரும் பழைய சுவர்க்கடிகாரம் நல்லது. இருபது நிமிடம் என்பது அதில் ஓர் அகலம். வண்ண வண்ணக் குறிப்பேடுகளும் புதுப்புதுச் செயலிகளும் வாங்குவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. திட்டமிடும் ஆசை நமக்கு மிகுதி, திட்டம் போட்டு முடித்ததையே வேலை முடிந்ததாக மூளை எடுத்துக்கொள்ளும். என் அலமாரியில் சனவரி மட்டும் நிரம்பிய நாட்குறிப்புகள் ஏழு இருக்கின்றன. இரவில் ஒரு மணி வரை விழித்திருப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பை. பிரிக்காத கடிதங்களுக்குக் காரணம் மறதி மட்டும் அன்று. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு வசவு இருப்பதாக உடல் நம்புகிறது. தள்ளிப்போடுதல் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாமையைவிட, கசப்பான உணர்விலிருந்து அந்த நேரத்துக்குத் தப்புவதே என்று உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோவாவும் திமோத்தி பிச்சிலும் 2013இல் எழுதினார்கள். சிறுவயது முதலே "ஏன் இப்படி இருக்கிறாய்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் கசப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு. வேலையின் எடையோடு வெட்கத்தின் எடையும் சேர்ந்துவிடுகிறது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் வெட்கம் கூடுகிறது, வெட்கம் கூடக்கூடத் தள்ளிப்போடுகிறோம். கனடாவில் மைக்கேல் வோலும் பிச்சிலும் மற்றொருவரும் முதலாண்டு மாணவர்கள் 119 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். அவர்கள் ஏடிஎச்டி உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், ஆயினும் கணக்கு நமக்கும் பொருந்தும் என்று என் அனுபவம் சொல்கிறது. தன்னை வைவது ஒரு தண்டனை என்பதைவிட, மறுநாளுக்கான முன்பதிவு என்று கொள்வதே சரி.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், காரணமும் புரிகிறது. மனநல மருத்துவர் என்றாலே நம் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று சிரிப்பார்கள். 1911இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயர் பஹாகியா உலு கிந்தா என்று மாறியும், ஊர்ப்பெயர் வசவாகவே தங்கிவிட்டது. அம்மாவிடம் டோபமினில் தொடங்காதீர்கள். ஒரு மாலை தேநீர் வேளையில், அப்பாவைப் பெரட்டுக்கு எழுப்பியது யார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கேளுங்கள். மணியையும், பக்கத்து வீட்டையும், இருட்டில் எழுந்து தேநீர் வைத்துக் கொடுத்த தம்மையுமே அவர் சொல்வார் என்று எண்ணுகிறேன். அப்போது, எனக்கும் அப்படி ஒன்று தேவைப்படுகிறது அம்மா, அதற்குத்தான் ஈப்போவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லலாம். மருத்துவரின் பெயர்ச்சீட்டு பிறகு வரட்டும்.

இன்னும் மருத்துவரைப் பார்க்காதவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கே தொடக்கம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் மிகக் குறைவு, தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனை நிபுணருக்கு எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். காத்திருப்பு இருக்கும். முன்பதிவுத் தேதியைச் சுவரில் பெரிதாக ஒட்டி, கூட வர ஒருவரையும் இப்போதே கேட்டு வையுங்கள், ஏனென்றால் நாம் தள்ளிப்போடும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

தம்பி, நாளைக் காலை எடைமேடைச் சன்னல். அது மட்டும் போதும், மற்றவற்றை ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அந்தப் பையைப் பற்றி ஒன்று: ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன், பக்கத்து வீட்டு அக்காவும் இருப்பார். உறைகளைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். பிரிக்க ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன். என் பங்குக்கு எனக்கும் நான்கு உறைகள் கிடக்கின்றன.